நானோகம்பி உணரியில் 2 போட்டோன் சேர்ந்து விழுந்தால் துடிப்பு இரட்டிப்பாகாதா?

கேள்வி இதுதான்: மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருள்) நானோகம்பி ஒரே ஒரு போட்டோனுக்கே, அதாவது ஒரே ஓர் ஒளித்துகளுக்கே, மின்துடிப்புத் தருகிறது; அப்படியென்றால் இரண்டு சேர்ந்து விழும்போது துடிப்பும் இரு மடங்காக வேண்டுமே, எண்ணுவதில் என்ன கஷ்டம்? திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் ரியூஷன் கொடுக்கிறேன். உவர்மலை வகுப்பிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதையேதான் கேட்பார்கள்.

இரட்டிப்பாகாது. அதற்குக் குவாண்டம் எல்லாம் தேவையில்லை, ஓமின் விதி போதும்.

கம்பி சுமார் 5 நானோமீற்றர் தடிப்பு, 100 நானோமீற்றர் அகலம். 2001இல் ரஷ்யப் பௌதிகவியலாளர் கோல்ட்ஸ்மனின் குழு இவ்வகை உணரியைச் செய்து காட்டியது நையோபியம் நைத்திரைட்டில். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. 2.5 கெல்வின் அளவுக்குக் குளிர்த்த வேண்டும், அதாவது மைனஸ் 270 பாகை. (கன்னியா வெந்நீரில் குளித்து வளர்ந்த எங்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.) கம்பி தாங்கக்கூடிய உச்சத்துக்குச் சற்றுக் குறைவாக, 20 மைக்ரோஅம்பியர் ஓட்டம் என்று வைப்போம். போட்டோன் விழுந்த இடம் சூடாகி மீக்கடத்தும் தன்மையை இழக்க, அங்கே சில ஆயிரம் ஓம் தடை முளைக்கும். சமாந்தரமாக இருப்பதோ விரியலாக்கிப் பக்கத்து 50 ஓம். ஓட்டம் கிட்டத்தட்ட முழுவதும் அந்தப் பக்கம் பாயும். துடிப்பு 1 மில்லிவோல்ற்று. இரண்டாவது போட்டோன் இன்னும் சில ஆயிரம் ஓம் சேர்க்கட்டும், திசைமாற ஓட்டம் மிச்சமில்லையே! அதே 1 மில்லிவோல்ற்றுத்தான்.

சரி, 50 ஓமை மாற்றினால்? 2020இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். படிப்படியாக அகலம் மாறும் கடத்துகைக் கோடு ஒன்றை இடையில் வைத்து, கம்பிக்கு வெளிப்பக்கம் கிலோஓம் அளவில் தெரியவைத்தார்கள். இப்போது கம்பியின் தடை கூடக்கூட வெளியே பாயும் ஓட்டமும் கூடும்; ஆகவே துடிப்பின் உயரம் எண்ணிக்கையோடு கூடியது. துடிப்பு ஏறும் வேகத்தை அளந்து எண்ணுவோரும் உண்டு. தடை கூடினால் ஏற்றம் சற்று விரைவு.

இன்னொரு வழி, ஒரு கம்பிக்குப் பதில் பல கம்பிகளை அடுக்கி ஒளியைப் பரப்பி, துடித்த கம்பிகளை எண்ணுவது. இங்கேதான் விளம்பர எண்களை நம்பக்கூடாது என்பேன். ஒளி சமமாகப் பரவுகிறது என்று கொண்டு, 4 போட்டோனும் வெவ்வேறு கம்பியில் விழும் நிகழ்தகவைக் கணக்கிடுங்கள். 4 கம்பி என்றால் 24/256, 10 சதவீதம்கூட இல்லை. 16 கம்பி என்றால் சுமார் 67 சதவீதம். அப்புறம் திறன் இருக்கிறது: ஒவ்வொன்றையும் பிடிக்க 90 சதவீத வாய்ப்பு என்றால் நாலையும் பிடிக்க 66 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 44. நல்ல உணரியே பாதித் தடவைக்கு மேல் 4ஐ 4 என்று சொல்லாது! திறன் 50 சதவீதம் என்றால் கம்பி ஆயிரம் இருந்தும் 6.25 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே யாராவது இத்தனை பிக்சல் (அதாவது இத்தனை கம்பி) என்று பெருமையடித்தால், முதலில் திறனைக் கேளுங்கள். 2013இல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ரி.யின் குழு தங்குதன் சிலிசைட்டுக் கம்பியில் 93 சதவீதம் காட்டியது எனக்குப் பெரிதாகப் படுவது அதனால்தான்.

எண்ணியே ஆகவேண்டுமா என்பதும் பணியைப் பொறுத்தது. போட்டோன்களைக் கொண்டு இயங்கும் சீனாவின் ஜியுசாங் குவாண்டம் கணினி 2020இல் 100 வெளியீடுகளிலும் நானோகம்பி உணரிகளை வைத்தது. ஒவ்வொன்றும் ‘வந்தது, வரவில்லை’ என்று மட்டுமே சொன்னது. அந்தச் சோதனைக்கு அதுவே போதுமாயிருந்தது.