ஆய்வகத்துக்கு வெளியே பேசத் தொடங்கிவிட்ட மகளைப் பற்றிக் கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் காற்று மாசு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கி, போஸ்ட்டாக்காக, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஒப்பந்த ஆய்வாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சில மாதங்களாக ஆய்வகத்தில் இருக்கும் நேரம் குறைந்துவிட்டது. அரசு வெளியிட்ட வரைவு விதிகளுக்குக் கருத்து எழுதுகிறாள், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறாள், மக்கள் பிரதிநிதி ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறாள். “இப்படியே போனால் விஞ்ஞானியாகவும் இருக்கமாட்டாள், வேறு எதுவாகவும் ஆகமாட்டாள். நிறுத்தச் சொல்லட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கட்டுரைகளைத்தான் எண்ணிப் பார்க்கின்றன. கருத்துக் கேட்பில் நன்றாகப் பேசினாள் என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. போஸ்ட்டாக் காலம் என்பது வருடக்கணக்கில் எண்ணப்படும் ஒப்பந்தம். அதில் கட்டுரை இல்லாமல் போகும் ஒவ்வொரு வருடமும் பின்னால் கேள்வியாக வரும். அதனால் அவள் இதைச் செய்யலாமா என்று யோசிப்பதைவிட, எந்த வரிசையில், எந்த வடிவத்தில் செய்கிறாள் என்று பாருங்கள்.

வரிசை என்றதும் எனக்கு வேதியியலாளர் மாரியோ மோலினாதான் நினைவுக்கு வருவார். 1973-இல் கலிபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்டின் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 30. ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்கள் காற்றில் கலந்த பிறகு என்ன ஆகின்றன என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. மேலே போய் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று கணக்கிட்டு, 1974 ஜூனில் நேச்சர் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அதே வருடம் செய்தியாளர்களிடம் பேசினார்கள், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். அந்த வாயுக்களைத் தயாரித்த நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 1978-இல் அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் அவற்றுக்குத் தடை விதித்தது, 1987-இல் அவற்றைக் குறைக்க நாடுகள் சேர்ந்து செய்த மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. 1995-இல் நோபல் பரிசும் வந்தது.

நோபல் பரிசு பெற்றவரை உதாரணம் காட்டுவது எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு மலிவான பழக்கம், எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. பரிசை விட்டுவிடுங்கள். முதலில் கட்டுரை, பிறகு பேச்சு என்ற அந்த வரிசையை மட்டும் பாருங்கள். அப்புறம் இன்னொன்று, அந்த இளைஞர் தனியாகப் போய் நிற்கவில்லை. பக்கத்தில் பெயர் பெற்ற மூத்தவர் ஒருவர் இருந்தார். எதிர்ப்பு வந்தபோது இருவர் மேலும் சேர்ந்துதான் விழுந்தது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி ஒன்றுதான்: “அவளுடைய கைடுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்கிறேன்.” இதை இந்த வாரமே சரி செய்யச் சொல்லுங்கள். அவள் கருத்து மனுவில் காட்டும் அளவீடுகள் இன்னும் வெளியாகாத தரவாக இருந்தால், அது அவள் ஒருத்தியுடைய சொத்து கிடையாது. கைடுக்கும் கூட்டாசிரியர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் இருக்கும். வேலை தரும் நிறுவனம் அரசு நிறுவனமாக இருந்தால் வெளியில் பேசுவதற்கு நடத்தை விதிகள் இருக்கக்கூடும். வேறு நாட்டில் விசாவில் இருக்கிறாள் என்றால் அங்கே எதில் கலந்துகொள்ளலாம், எதில் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பேசுகிறாளா, தனிப்பட்ட முறையில் பேசுகிறாளா என்பது எழுத்தில் தெளிவாக இருக்கட்டும். கைடுக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் போதும். முகம் சுளிக்கும் கைடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பின்னால் வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொண்ட கைடின் கோபம் இருக்கிறதே, அது ஒரு பரிந்துரைக் கடிதத்தையே கெடுத்துவிடும்.

இனி, அவள் என்ன பேசுகிறாள் என்பதற்கு வருகிறேன். மற்றவற்றைவிட இதுதான் முக்கியம்.

இத்தாலியில் லாக்விலா நகரத்தில் 2009-இன் தொடக்கத்தில் சிறுசிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. மார்ச் 31 அன்று விஞ்ஞானிகள் குழு கூடியது. கூட்டத்துக்கு முன்பே குடிமைப் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில், அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஆபத்தில்லை என்று விஞ்ஞானிகள் தன்னிடம் சொல்வதாகப் பேசிவிட்டார். அது அறிவியல்படி சரியில்லை. ஏப்ரல் 6 அன்று பெரிய நிலநடுக்கம் வந்து 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆபத்தைச் சரியாக எடுத்துச் சொல்லாமல் மக்களுக்குத் தவறான நம்பிக்கை தந்தார்கள் என்ற வழக்கில், 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலையானார்கள். அதிகாரியின் தண்டனை குறைந்ததே தவிர நீங்கவில்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு வழக்கு அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் விஞ்ஞானியின் பெயரில் இன்னொருவர் பேசுவது தினமும் நடக்கிறது. அதற்கு ஒரே மருந்து, தான் சொன்னதை, சொல்லாததை, எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதை அன்றைக்கே எழுதி வைப்பது. அந்த மக்கள் பிரதிநிதியைப் பார்த்துவிட்டு வந்தாளே, அதன் பிறகு “நான் இன்று சொன்னவை இவை” என்று அரைப் பக்கம் அவருக்கு அனுப்பினாளா என்று கேளுங்கள்.

எழுதும்போது தரவு சொல்வதையும் தான் விரும்புவதையும் பிரித்து வைக்க வேண்டும். ஓர் இடத்தில் பி.எம். 2.5 என்ற, காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் குறைத்து நிர்ணயித்த, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைப் போல் பல மடங்கு இருக்கிறது என்பது அளவீடு. அதனால் இந்த ஆலையை மூட வேண்டும் என்பது அளவீட்டிலிருந்து தானாக வந்துவிடாது. அதில் வேலை, செலவு, மாற்று வழி, யாருக்கு நஷ்டம் என்ற கேள்விகள் எல்லாம் கலந்திருக்கின்றன. மூட வேண்டும் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு, அவளும் ஒரு குடிமகள்தான். ஆனால் “இதுவரை சொன்னது அளவீடு, இனி சொல்வது என் கருத்து” என்று ஒரு வாக்கியம் நடுவில் இருந்தால், அவளோடு உடன்படாத அதிகாரிகூட அடுத்த முறை அவளைக் கூப்பிடுவார். இது படிப்பில் யாரும் சொல்லித் தராத பழக்கம், பேசிப் பேசித்தான் வரும். அதனால்தான் நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

சரி, இதில் வேலை இருக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் கதவுகள் குறைவு. அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ.எஸ். என்ற அறிவியல் சங்கம் 1973 முதல் முனைவர்களை ஒரு வருடம் நாடாளுமன்றத்துக்கும், பின்னாளில் அரசுத் துறைகளுக்கும் அனுப்பி வருகிறது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் போஸ்ட் என்ற அறிவியல் அலுவலகம் 1989 முதல் இருக்கிறது; முனைவர் பட்ட மாணவர்கள் அங்கே மூன்று மாதம் இருந்து, சுருக்கமான குறிப்பு ஒன்று எழுதுவார்கள். இவை தவிர ஒழுங்குமுறை ஆணையங்கள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள், ஆராய்ச்சிக்கு நிதி தரும் அறக்கட்டளைகள், நிறுவனங்களில் விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு என்று இடங்கள் உண்டு. எல்லா இடத்திலும் கேட்பது ஒன்றைத்தான்: நீ எழுதிய இரண்டு பக்கத்தைக் காட்டு. கூட்டங்களில் பேசியதை பயோடேட்டாவில் காட்டுவது கடினம், எழுதியதைக் காட்டலாம்.

எழுதிப் பழக ஒரு நல்ல இடம் சொல்கிறேன். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு, அதாவது ஐ.பி.சி.சி., தன் அறிக்கை வரைவுகளைப் பார்க்கத் துறை அறிவு உள்ளவர்கள் தாங்களாகவே பதிவு செய்துகொள்ள விடுகிறது. 2021-இல் வந்த அறிக்கைக்கு 78,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. கருத்தும் அதற்கு ஆசிரியர்கள் தந்த பதிலும் பின்னர் பொதுவில் வெளியாகும். காற்று மாசு படித்தவளுக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கும். சம்பளம் கிடையாது, ஆனால் பயோடேட்டாவில் எழுதலாம், கைடும் மறுக்க மாட்டார்.

நேரத்துக்கு என் கணக்கு, வாரத்தில் அரை நாள். கட்டுரை திருத்தி அனுப்ப வேண்டிய மாதத்தில் அதுவும் வேண்டாம். ஏற்கெனவே ஒரு கட்டுரை கையிலிருந்து நழுவிவிட்டது என்றால் மூன்று மாதம் எல்லாவற்றையும் ஓரமாக வைக்கட்டும். கருத்துக் கேட்புகள் மறுபடி வரும்.

கடைசியாக, அவள் அனுப்பிய அந்த வரைவு விதிக் கருத்து மனுவின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்களிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம், அவளே அனுப்பட்டும். எந்த விதியில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்பது முதல் பத்தியிலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன்.