உறைவதும் கசிவதும் ஒரே நோய்

சிறுநீர்த் தொற்றில் ஆரம்பித்து ரத்தத்தில் கிருமி கலந்து, அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். உடம்புக்குள் ரத்தம் உறைகிறது என்கிறார் டாக்டர். ஆனால் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?
(வாசகி, திண்டுக்கல்)

டாக்டர் சொன்னதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை பாக்டீரியா. அதன் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வெள்ளையணுக்களின் மேலுள்ள டி.எல்.ஆர்.-4 என்ற உணரி அதைக் கண்டுபிடித்துவிடும். (1998இல் இதைக் காட்டியதற்காகத்தான் புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) உடனே அழற்சியைத் தூண்டும் புரதங்கள் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் தளர்கின்றன, நீர் வெளியே கசிகிறது, பி.பி. இறங்குகிறது.

ரத்தம் உறைவதும் இங்கேதான் தொடங்குகிறது. 'டிஷ்யூ ஃபேக்டர்' என்ற புரதம் வழக்கமாக ரத்தக்குழாய்க்கு வெளியே இருக்கும். கத்தி வெட்டினால்தான் ரத்தம் அதைத் தொடும், தொட்டால் உறையும். எண்டோடாக்சினைச் சந்தித்த வெள்ளையணுக்களில் மோனோசைட் என்ற வகை, அதே புரதத்தைத் தன் மேலேயே உற்பத்தி செய்துகொள்கிறது. காயமே இல்லாத இடத்தில் ரத்தம் காயம் பட்டதுபோல உறைகிறது. நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகிறது. அதில் கிருமியோடு, ரத்தக்கசிவை அடைக்கும் தட்டணுக்களும் சிக்குகின்றன.

கிருமியைச் சிறைப்பிடிக்க உடம்பு வைத்திருக்கும் பழைய வழி இது. குதிரைலாட நண்டின் ரத்தத்தில் துளி எண்டோடாக்சின் பட்டாலே கூழாகிவிடும். ஊசிமருந்துகளில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க அந்த ரத்தத்தைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள்.

கிருமி ஓரிடத்தில் இருந்தால் இந்த வழி காப்பாற்றும். ரத்தம் முழுக்கப் பரவினால் உறைவும் எங்கும் பரவும். உறைவுக்குப் பிரேக் போடும் ஆன்டித்ராம்பினும் புரோட்டீன் சியும் குறைந்துவிடும். உறைந்ததைக் கரைக்கும் வேலையும் தடைபடும். சிறுநீரகம், நுரையீரல், விரல்நுனி என்று நுண்குழாய்கள் அடைபடும். இதற்கே தட்டணுக்களும் உறைபொருள்களும் செலவாகிவிடுவதால், ஊசித் துளையை அடைக்க மிச்சமில்லை. டாக்டர்கள் டி.ஐ.சி. (உடம்பெங்கும் பரவும் ரத்த உறைவு) என்பது இதைத்தான்.

ரிப்போர்ட்டில் ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நேற்று 2.4 லட்சமாக இருந்த தட்டணு இன்று 90,000 என்றால் அந்தச் சரிவுதான் சேதி. பி.டி. (ரத்தம் உறைய எடுக்கும்) நேரம் நீளும், டி-டைமர் (உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கு) ஏறும். உறைபொருள்களில் ஒன்றான ஃபைப்ரினோஜன் நார்மல் என்று நிம்மதி அடையவும் வேண்டாம். அழற்சியில் கல்லீரல் அதை அதிகமாகச் சுரப்பதால், செலவாவது வெளியே தெரியாமல் போகலாம்.

அப்படியானால் தட்டணு ஏற்றினால் சரியாகிவிடாதா?
(அதே வாசகி)

எண் குறைந்ததற்காக மட்டும் ஏற்றுவதில்லை. ரத்தக்கசிவு இருந்தாலோ, ஆபரேஷன் தேவைப்பட்டாலோ 50,000க்கு மேல் வைக்கப் பார்ப்பார்கள். கசிவு இல்லையென்றால் 10,000 - 20,000க்குக் கீழே போகும்வரை பொதுவாகப் பொறுப்பார்கள். தொற்றின் ஊற்றை அடைப்பதுதான் உண்மையான சிகிச்சை. கல் அடைத்துச் சிறுநீரகத்தில் சீழ் தேங்கியிருந்தால், அதை வடிக்காமல் எவ்வளவு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் ஊற்று நிற்காது. உறைவை மட்டும் குறிவைத்து வந்த புரோட்டீன் சி மருந்து, பலன் நிரூபணமாகாமல் 2011இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ஏன் இரண்டு கைகளிலும், இவ்வளவு ரத்தம் எடுக்கிறார்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டுபிடிப்பதுதான் கல்ச்சர். பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒரு பாட்டிலுக்கு 8 - 10 மில்லி வீதம், இரண்டு இடங்களிலிருந்து நான்கு பாட்டில்கள். தோலில் சாதாரணமாக வாழும் கிருமி ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால், ஊசி வழியே வந்த கலப்படம் என்று பெரும்பாலும் ஒதுக்கலாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தோலில் தடவி, அது காயும்வரை காத்திருந்து குத்த வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தக் காத்திருப்புதான். முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே ரத்தம் எடுப்பது நல்லது. ஆனால் பி.பி. சரிந்தவருக்கு அந்த டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும்.

வீட்டில் எதைப் பார்த்து உஷாராக வேண்டும்?
(வாசகி, காரைக்குடி)

ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள்: 22 அல்லது அதற்கு மேல். மேல் பி.பி. 100 அல்லது அதற்குக் கீழ். பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது. தொற்று உள்ளவருக்கு இதில் ஒன்று தென்பட்டாலும் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமல், உடம்பு சில்லிட்டும் இந்த நோய் வரும்.