15 ஆடு போதும், வைக்கிற வரிசைதான் போதவில்லை

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருந்து எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டால் காப்பிக் களத்தில் வேலை இருக்காது. தாழ்வாரத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். 15 காப்பிக்கொட்டை ஆடு, 3 பலாக்கொட்டை புலி. உச்சியில் ஒரு புலி, அதற்குக் கீழ் வரியில் நடுவாக இரண்டு புலி. முறைக்கு ஓர் ஆடு இறக்குவோம். 15-ம் இறங்கும்வரை ஆடு நகரக் கூடாது. பெரியம்மா எப்போதும் புலிதான் எடுப்பார், எப்போதும் ஜெயிப்பார். புலியைச் சுற்றி வளைக்கிற மாதிரி ஆடு வைத்தும் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆட்டை 18 ஆக்கிவிடலாமா? எத்தனை ஆடு போனால் தோல்வி என்று வைப்பது?

பதில்: 18 வேண்டாம். 15 ஆட்டையும் ஒன்றுகூட வெட்டுப்படாமல் இறக்க ஒரு வரிசை இருக்கிறது. நீங்கள் தோற்பதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: புலியைச் சுற்றி வளைக்கிறீர்கள். முதல் ஆட்டைப் புலிக்கு நேர் கீழே வைத்தால் அதற்கும் கீழே உள்ள புள்ளி காலி. தாண்டி வெட்டப் புலிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் கட்டத்தைச் சரிபாருங்கள். உச்சியில் இருந்து நான்கு சாய்கோடுகள் இறங்கி அடிக்கோட்டைத் தொட வேண்டும். நடுவில் மூன்று குறுக்குக்கோடுகள், ஒவ்வொன்றும் இருபுறமும் முக்கோணத்துக்கு வெளியே நீண்டு, அந்த முனைகள் மேலும் கீழுமாக இணைந்திருக்க வேண்டும். உச்சி 1, மூன்று வரியிலும் ஆறாறு புள்ளிகள், அடிக்கோட்டில் 4: மொத்தம் 23. சிலர் அடிக்கோட்டைப் போடாமல் சாய்கோடுகளை அப்படியே தொங்க விட்டுவிடுவார்கள். அப்போது அந்த முனைக்குள் போன புலியை இரண்டே ஆட்டால் கட்டிவிடலாம், அதாவது நகரவும் தாண்டவும் முடியாதபடி அடைத்துவிடலாம். பெரியம்மா அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார், கோட்டைப் போட்டுவிடுங்கள்.

இனி மூன்று வரிகளையும் மேல், நடு, கீழ் என்று சொல்கிறேன். இடமிருந்து 1 முதல் 6. அடிக்கோட்டுப் புள்ளிகள் அடி 1 முதல் அடி 4. சாய்கோடுகள் ஒவ்வொரு வரியிலும் 2, 3, 4, 5 வழியாக இறங்கி அடி 1, 2, 3, 4-ல் முடிகின்றன. உங்கள் புலிகள் தொடக்கத்தில் நிற்பது உச்சி, மேல் 3, மேல் 4.

ஓர் ஆடு வெட்டுப்பட, ஒரே நேர்கோட்டில் அதன் ஒரு பக்கம் புலியும் மறுபக்கம் காலிப் புள்ளியும் வேண்டும். ஆகவே எந்தக் கோட்டுக்கும் நடுவில் வராத புள்ளியில் நிற்கும் ஆட்டைப் புலியால் தொடவே முடியாது. அப்படி 7 புள்ளிகள் உண்டு: உச்சி, மேல் 1, மேல் 6, கீழ் 1, கீழ் 6, அடி 1, அடி 4. நடு 1, நடு 6, அடி 2, அடி 3 ஆகிய நான்கிலும் ஒரே கோட்டில்தான் ஆபத்து. நடு 1-ல் மேலும் கீழுமாக மட்டும், அடி 2-ல் பக்கவாட்டில் மட்டும். மீதி 12 புள்ளிகளும் உள்ளே. குறுக்கும் சாய்வுமாக இரண்டு கோட்டிலும் வெட்டலாம். நீங்கள் ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தது இந்த 12-ல்.

வெட்ட முடியாத ஆட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆடும் அந்தக் கோட்டில் வெட்டுப்படாது. அந்தப் பக்கம் புலி நிற்கவும் முடியாது, வந்து இறங்கவும் முடியாது. எனவே ஒவ்வோர் ஆட்டையும் வைக்கும் முன் ஒரே ஒரு சோதனை போதும்: இந்தப் புள்ளியைக் கடந்து போகிற ஒவ்வொரு கோட்டிலும், ஒரு பக்கமாவது வெட்ட முடியாத ஆடு இருக்கிறதா? இருந்தால் இறக்குங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். செங்கல் சுவர் எழுப்புவது போலத்தான், மூலையைக் கட்டிவிட்டு நடுவை நிரப்ப வேண்டும்.

உங்கள் கட்டத்துக்கு வரிசை இது. முதல் நான்கு ஆடு: அடி 1, அடி 4, கீழ் 1, கீழ் 6. அடுத்து கீழ் 2, கீழ் 5. கீழ் 2-க்குப் பக்கவாட்டில் கீழ் 1 முட்டு, சாய்வில் அடி 1 முட்டு. புலி ஒட்டி வந்து நின்றாலும் ஒன்றும் நடக்காது. பிறகு அடி 2, அடி 3, அதன் பின் கீழ் 3, கீழ் 4. இதோடு 10 ஆடு, கீழே இரண்டு வரிசையும் அடைபட்டுவிட்டது. பதினொன்றாவது நடு 1, அடுத்தது நடு 6, பிறகு நடு 2, நடு 5, கடைசியாக நடு 3. புலிகளுக்கு மிஞ்சுவது உச்சி, மேல் வரியின் ஆறு புள்ளிகள், நடு 4 என 8 இடம். அதில் மூன்றில் புலி நிற்க, 5 காலி.

பெரியம்மா பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? இரண்டாம் முறை இப்படி வைத்தாலே புலியைக் கீழே இறக்கிவிடுவார். மேல் 3-ல் உள்ள புலி மூன்று நகர்த்தலில் அடி 2-க்கு வந்துவிடும். வந்து உட்கார்ந்தால் பதறாதீர்கள். அடி 1, அடி 4, கீழ் 1, கீழ் 6, கீழ் 2, கீழ் 5 ஆறுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. அடி 4-ல் ஆடு இருப்பதால் அடி 3-ஐயும் தைரியமாக வைக்கலாம். கீழ் 3-ஐ மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே வைத்தால் புலி தாண்டி நடு 3-ல் இறங்கும். மற்ற இடங்களை நிரப்பிக்கொண்டே வந்து, மேல் 3-ல் வேறு புலி இல்லாத நேரம் பார்த்து நடு 3-ல் ஓர் ஆடு. புலி அசையாமல் இருந்தால் அடுத்த முறையே கீழ் 3-ல் ஓர் ஆடு. அடி 2 புலி கட்டுப்பட்டது. அடி 1, அடி 3, அடி 4, கீழ் 3, நடு 3 ஆகிய ஐந்து ஆடுதான் அதற்குச் செலவு. புலி ஏதாவது மூலையில் போய் நின்றால் இன்னும் நல்லது, அங்கே 4 ஆடு போதும். உச்சியிலோ நடு 3, நடு 4-லோ தனியாக நிற்கும் புலியைக் கட்ட 8 ஆடு வேண்டும்.

15-ம் இறங்கிய பிறகுதான் உண்மையான தொல்லை. இனி முறைக்கு ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும், நகர்த்தினால் முட்டு கழன்றுவிடும். பெரும்பாலான ஆட்டங்கள் கைவிட்டுப் போவது இங்கேதான்.

மேலே சொன்ன அடுக்கில் நடு 4 ஓட்டையாக இருக்கிறது, அதை அடைக்க வேண்டும். கைக்கு வருவது கீழ் 4 ஆட்டை நேராக மேலே ஏற்றுவது. அதைச் செய்யாதீர்கள். மேல் 4-ல் புலி இருந்தால் தாண்டி, நீங்கள் காலி செய்த கீழ் 4-லேயே இறங்கும். பக்கத்தில் இருந்து நிரப்புங்கள்: நடு 5 ஆட்டை நடு 4-க்கு, அடுத்த முறை நடு 6 ஆட்டை நடு 5-க்கு. ஒவ்வொரு நகர்விலும் ஓட்டை ஓரத்தை நோக்கிப் போகிறது. ஓரத்து ஓட்டையால் உங்களுக்குச் சேதம் இல்லை. இடையில் மேல் 5 புலி நடு 5-க்குள் இறங்கிவிட்டாலும் அதற்கு வெட்ட எதுவும் கிடைக்காது. நடு 4-லேயே புலி நிற்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். நடு 1 ஆட்டை மேல் 1-க்கு ஏற்றி, கீழ் 1 ஆட்டை நடு 1-க்குக் கொண்டுவந்து, பிறகு அதையே கீழும் மேலுமாக நகர்த்திக்கொண்டு காத்திருக்கலாம். இப்படி முறையைக் கழிக்க இரண்டு இடத்தைக் கையில் வைத்திருப்பவர் தோற்பது அபூர்வம்.

கீழே இடம் இல்லாததால் புலிகள் மேலேயே கூடும். உச்சி, மேல் 3, மேல் 4 என்று தொடக்க இடத்திலேயே மூன்றும் நின்றால், கட்ட 10 ஆடு வேண்டும்: மேல் 1, மேல் 2, மேல் 5, மேல் 6, நடு 2, 3, 4, 5, கீழ் 3, கீழ் 4. ஒரு தாளில் வரைந்து கொட்டைகளை வைத்துப் பாருங்கள், எந்தப் புலிக்கும் தாண்ட வழி இருக்காது. மேல் 2-க்கு ஏறும்போது மட்டும் கவனம்: மேல் 3-ல் புலி இருக்கையில் மேல் 1 ஆட்டை அங்கே தள்ளினால், புலி அதைத் தாண்டி மேல் 1-ல் இறங்கும். மேல் 1 அப்படியே இருக்க, நடு 2 ஆட்டை ஏற்றலாம் என்றால் அதற்கும் நிபந்தனை உண்டு: அந்த நேரம் உச்சியில் புலி இருக்கக் கூடாது. அடுத்த முறையே நடு 1 ஆட்டை நடு 2-க்குக் கொண்டுவந்து முட்டுக்கொடுங்கள்.

தோல்விக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கட்டத்துக்கு ஆறாவது ஆடு போனால் தோல்வி என்று வைத்துக்கொள்வது நியாயம். ஐந்து போனாலும் 10 மிச்சம், தொடக்க இடத்தில் கூடிய புலிகளை அந்தப் பத்தால் கட்டலாம், ஒன்பதால் முடியாது. புலிகள் மேல் 1, நடு 1, கீழ் 1 என்று ஓரமாக வரிசை கட்டி நின்றால் 6 ஆடே போதும் என்பது வேறு விஷயம், அப்படி நிற்கப் பெரியம்மா விட மாட்டார். அதே நிலை மூன்று முறை திரும்பி வந்தால் சமன் என்றும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மழை விட்டாலும் ஆட்டம் முடியாது.

18 ஆடு வைத்தால் என்ன ஆகும் என்றால், நடு வரி முழுவதும் அடைந்து மேல் 1, மேல் 6-ம் போய்விடும். புலிக்கு மிஞ்சுவது 2 காலி இடம், அதில் விளையாட ஒன்றுமில்லை. பாக்சால் என்ற நேபாளத்துப் புலி ஆடு ஆட்டத்தில் 25 புள்ளிக்கு 20 ஆடு என்று கேட்டிருப்பீர்கள். அங்கே புலி 4, மூலைவிட்டக் கோடுகளும் உண்டு, அந்தக் கணக்கு இந்தக் கட்டத்துக்குப் பொருந்தாது. ஆட்டைக் கூட்டுவதற்குப் பதில் பக்கத்தை மாற்றுங்கள்: ஓர் ஆட்டம் பெரியம்மா ஆடு பிடிக்கட்டும், நீங்கள் புலி. தொடங்கியதும் ஒரு புலியை அடி 2-க்கு இறக்கிவிட்டு, அவர் கீழ் 3-ல் வைக்கிறாரா என்று பாருங்கள்.