பன்றிக் காய்ச்சலில் சிலருக்கு மட்டும் உயிருக்கே ஆபத்தாவது வைரஸின் மரபணு மாற்றத்தாலா?

2009இல் நான் பொது மருத்துவ வார்டில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். நோயாளிகளின் உறவினர்களும் இதையேதான் கேட்பார்கள்: “டாக்டர், இவருக்கு வந்திருப்பது வீரியம் கூடின வைரஸா?”

பெரும்பாலும் இல்லை. இரண்டு நாள் காய்ச்சலோடு தேறியவர்களிடமும் இறந்தவர்களிடமும் எடுத்த வைரஸ்களின் மரபணு எழுத்து வரிசையைப் பல நாடுகளில் படித்துப் பார்த்தார்கள். அவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன.

அப்போது பன்றிக் காய்ச்சலைப் பரப்பிய எச்1என்1 வைரஸ் பிறப்பிலேயே ஒரு கலவை. அதன் எட்டு மரபணுத் துண்டுகளில் மூன்று, பன்றிகளிடம் நெடுங்காலம் இருந்துவந்த பழைய வகையிலிருந்து வந்தவை, இரண்டு யுரேசியப் பன்றி வகையுடையவை, இரண்டு பறவைகளுடையவை, ஒன்று மனிதர்களிடம் பரவிய எச்3என்2 என்ற ஃப்ளூ வகையுடையது. இளைஞர்களின் உடலுக்கு இது முற்றிலும் புதியது. 1957க்கு முன் பிறந்தவர்களில் பலர் சிறுவயதிலேயே இதன் பழைய உறவுக்கார வைரஸ்களைச் சந்தித்திருந்ததால் தப்பினார்கள். முதியவர்களை எதிர்பார்த்திருந்த வார்டில் இளவயதுக்காரர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவும் உடல்பருமனும் உள்ளவர்கள் படுத்திருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு ஓர் இடம் உண்டு. வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் ஹீமக்ளூட்டினின் புரதத்தில் டி222ஜி என்றொரு மாற்றம். நார்வேயில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 61 பேரில் 11 பேரிடம் இது இருந்தது. லேசாக நோயுற்ற 205 பேரில் ஒருவரிடமும் இல்லை. சாதாரண வைரஸ் மூக்கு, தொண்டைப் பகுதிச் செல்களையே அதிகம் நாடும். இந்த மாற்றம் பெற்றது நுரையீரலின் ஆழத்தில் உள்ள செல்களையும் பற்றும். கேட்கும்போது வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மாற்றம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதற்கான தடயம் மிகக் குறைவு. தொண்டையில் எடுத்த மாதிரியில் காணாமல், நுரையீரலிலிருந்து எடுத்ததில் மட்டும் தென்பட்ட நோயாளிகளும் உண்டு. அப்படியானால், மாறிய வைரஸ் நுரையீரலைக் கெடுத்ததா, நுரையீரலின் ஆழத்தில் பெருகியதால் வைரஸ் மாறியதா? இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. தவிரவும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட அந்த 61 பேரில் 50 பேரிடம் இந்த மாற்றமே இல்லையே!

வார்டில் நாங்கள் பயந்தது வேறொன்றுக்கு. காய்ச்சல், இருமல், தொண்டை வலி, சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்று சாதாரணமாகத் தொடங்கும். நான்காவது, ஐந்தாவது நாள் வாக்கில் திடீரென்று மூச்சு வாங்கும். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்துத் தெரியும். சில மணி நேரத்திலேயே வென்டிலேட்டர் தேவைப்படலாம். தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறினால், மேலே பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மரபணு மாற்றம் சிகிச்சையை நேரடியாகத் தொடுவது எச்275ஒய் என்ற இன்னொரு மாற்றத்தின் விஷயத்தில். அது இருந்தால் இந்த வைரஸுக்குக் கொடுக்கும் ஒசெல்டாமிவிர் மருந்து சரியாக வேலை செய்யாது. ஆனால் அது அரிது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றி, நீண்ட நாள் மருந்து எடுப்பவர்களிடமே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. மற்றபடி, மருத்துவமனையில் சேர்க்கும் நிலையில் உள்ளவருக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அது தாண்டிவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும்.