நோயாளிக்குப் புரியும்படி சொல்ல நர்சிங் மாணவிகளை எப்படிப் பழக்குவது?

புதிதாக டியூட்டராகச் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில், "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்கும் பழக்கத்தை மாணவிகளிடமிருந்து எடுத்துவிடுங்கள். வெள்ளை உடுப்புக்காரரிடம் "புரியல" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

என் மூன்றாம் வருட மாணவி ஒருத்தி, புதிதாக இன்சுலின் ஆரம்பித்த ஒரு அம்மாவுக்கு ஹெல்த் டாக் கொடுத்தாள். சார்ட்டில் கணையம் வரைந்து வண்ணம் தீட்டியிருந்தாள். பத்துக்கு ஒன்பது போட்டேன். "காலையில 20 யூனிட், ராத்திரி 10" என்றதற்கு அந்த அம்மா தலையாட்டினார். மூன்று வாரத்தில் சர்க்கரை 400ஐத் தாண்டித் திரும்பி வந்தார். மஞ்சப்பையிலிருந்து சிரிஞ்சை எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு மூடி. பாட்டிலோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற மருந்து. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான் வேண்டும். நாங்கள் கொடுத்தது தீர்ந்ததும் கடையில், ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கான சிரிஞ்சை வாங்கியிருக்கிறார். 20ஆம் கோடு வரை சரியாகத்தான் இழுத்திருக்கிறார், உள்ளே போனது 8 யூனிட்.

"நீங்க சொன்னாப்லதானே கண்ணு போட்டேன்" என்றார். மூடி நிறத்தை நாங்கள் சொல்லவே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் சார்ட்டுக்கான மார்க்கைக் குறைத்துவிட்டேன். "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்ல எப்படிப் போடுவீங்க, ஒரு தடவ செஞ்சு காட்டுங்கம்மா" என்று மாணவி கேட்க வேண்டும். அவர் செய்து காட்டினால்தான் மார்க். வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் பாக்கெட் கொடுக்கும்போதும் அப்படித்தான். ஒரு லிட்டருக்கு முழுப் பாக்கெட் என்று சொன்னால் போதாது; வீட்டில் எந்தப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் அளப்பார் என்று கேட்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சமாகத் தட்டிப் போடுகிறவர்கள் ஏராளம்.

நாற்பது பேர் இருக்கிற வார்டில் இதற்கு நேரம் ஏது என்று சிலர் வருவார்கள். நானும் அந்த வார்டுகளில் நின்றவள்தான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், வீட்டில் தப்பாகப் போகக்கூடிய இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் வார்டுக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை ரத்தம் கொண்டுபோ, ரிப்போர்ட் வாங்கிவா, ஸ்ட்ரெச்சர் தள்ளு என்று விரட்டுகிறார்கள். ஃபீஸ் கட்டிப் படிக்க வந்த பிள்ளைகள் இவர்கள். எத்தனை மீட்டிங்கில் சொல்லியாயிற்று!

இரண்டு நிற மூடி சிரிஞ்சையும் ஊசியைக் கழற்றி என் பையில் வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.