பிளாக் ஃப்ரைடே: அழைக்காமல் வந்த வெள்ளிக்கிழமை

கேள்வி: சென்ற நவம்பர் இறுதியில், ‘பிளாக் ஃப்ரைடே’ தள்ளுபடி அன்று, மகளுக்குக் குளிர்கால கோட் வாங்க லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குச் சென்றோம். விலைச்சீட்டில் 120 பவுண்டை அடித்துவிட்டு, அதன் கீழே சிவப்பில் 85 என்று எழுதியிருந்தார்கள். கூட்டத்தில் எங்கே கைநழுவிவிடுமோ என்று உடனே வாங்கிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அதே கடையில் அதே கோட் 60 பவுண்டுக்குத் தொங்கியது. 30 ஆண்டுகளுக்கு முன்பு நான் இந்நாட்டுக்கு வந்தபோது இப்படியொரு வெள்ளிக்கிழமை இருந்ததில்லையே? இனிமேல் இப்படி நடந்தால் பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?
– வாசகி, குரொய்டன்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் நினைவு சரியே. அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அதற்கு மறுநாளான வெள்ளிக்கிழமை மக்கள் தள்ளுபடிக்காகக் கடைகளுக்குத் திரள்வது அங்கே நெடுநாள் வழக்கம். பிலடெல்பியா நகரப் போலீசார் அந்நாளின் நெரிசலைச் சமாளிக்க முடியாமல் சலிப்புடன் சொன்ன சொல்தான் ‘பிளாக் ஃப்ரைடே’. பிரிட்டனில் அந்தப் பண்டிகையே கிடையாது என்றாலும், 2010-இல் அமேசான் இந்தத் தள்ளுபடியை இங்கே கொண்டுவந்தது. அப்போது அமெரிக்க நிறுவனமான வால்மார்ட்டுக்குச் சொந்தமாயிருந்த பிரிட்டிஷ் பல்பொருள் அங்காடி ஆஸ்டா, 2013-இல் அதைத் தன் கடைகளிலும் நடத்தியது. மறு ஆண்டே, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக மக்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு மோதியதால், மான்செஸ்டர் பகுதி உட்படப் பல இடங்களில் போலீசாரை அழைக்க நேர்ந்தது. 2015-இல் ஆஸ்டா விலகிக்கொண்டது, வழக்கமோ விலகவில்லை.

நம் ஊர் ஆடித் தள்ளுபடிக்கு ஒரு காரணம் உண்டு. ஆடியில் திருமணங்கள் இல்லாததால் துணி தேங்கும், தேங்கியதைக் கடைக்காரர் விலை குறைத்துத் தள்ளுவார். இந்நாட்டில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளான பாக்ஸிங் டே அன்றும் ஜனவரியிலும் நடக்கும் விற்பனைகளும் அத்தகையவையே: கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குவித்த சரக்கில் மீந்ததை, அடுத்த பருவத்துச் சரக்கு வருவதற்குள் தீர்த்தாக வேண்டும். நவம்பர் இறுதியிலோ குளிர் அப்போதுதான் தொடங்குகிறது. கோட் எல்லோருக்கும் தேவைப்படும் அந்த வேளையில் கடைக்காரருக்கு அதைத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி எதுவும் இல்லை. உங்கள் 85 பவுண்டு 60 ஆனதன் காரணம் இதுவாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். நுகர்வோர் அமைப்பான ‘விச்’ பிளாக் ஃப்ரைடே சலுகைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தபோது, பெரும்பாலான பொருள்கள் வேறு நாட்களிலும் அதே விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ கிடைத்திருந்தன.

அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் நான் ஒரு வழக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் நடந்த அதே தெருவில் 1909-இல் பெரும் கடை திறந்த செல்ஃப்ரிட்ஜும் அமெரிக்கர்தான். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமின்றி உள்ளே வந்து பொருளைத் தொட்டுப் பார்க்கலாம் என்ற உரிமையை அவர் வாடிக்கையாளருக்குக் கொடுத்தார். நின்று யோசிக்கும் அந்த நேரத்தைத்தான் இந்த வெள்ளிக்கிழமை பறித்துக்கொள்கிறது. என் வருத்தம் அதுதான்.

இனிப் பணத்தைப் பற்றி. கடைக்கு நேரில் சென்று வாங்கிய, குறையேதும் இல்லாத பொருளை, விலை இறங்கிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தரச் சட்டத்தில் உரிமை இல்லை. அது கடையின் விதியைப் பொறுத்தது. ஆயினும் பல கடைகள் கிறிஸ்துமஸ் காலத்தில் திருப்பித் தரும் கெடுவை நீட்டிக்கின்றன. அந்தக் கெடு பெரும்பாலும் ரசீதிலேயே அச்சாகியிருக்கும். கெடு முடியாமல், விலைச்சீட்டும் கிழிபடாமல் இருந்தால், முதலில் வாங்கிய கோட்டைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, புதிய விலைக்கு மீண்டும் வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இணையத்தில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யலாம். தையல் பிரிந்தாலோ ஜிப் உடைந்திருந்தாலோ, தள்ளுபடியில் வாங்கியதாயினும், 30 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் கேட்க 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ‘தள்ளுபடிப் பொருளுக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம்’ என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் இந்த உரிமை போகாது. ஆகவே அடுத்த முறை மகள் கோட்டைப் போட்டுப் பார்த்து முடிக்கும்வரை விலைச்சீட்டைக் கிழிக்க விடாதீர்கள். ரசீதையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.