வயிற்று டயாலிசிஸ்: ஊசி போட்டும் ரத்த அளவு ஏறாதவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

அப்பாவுக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் நடக்கிறது, ரத்த அணுக்கள் உருவாகத் தூண்டும் ஈ.பி.ஓ. ஊசி போட்டும் ஹீமோகுளோபின் (எச்.பி.) 8-ஐத் தாண்டவில்லை, இது யாருக்கு வேலை செய்யாது என்று முன்பே சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவுக்கு முடியும். வேலூரில் சி.ஏ.பி.டி. எனப்படும் இந்த வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று வீடுகளுக்கும் போவதுண்டு. துப்பு பெரும்பாலும் ஃபைலிலேயே இருக்கும். யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் இரும்பு. டிசாட் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 20 சதவீதத்துக்கும் ஃபெரிட்டின் (சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் அளவு) 100-க்கும் கீழே இருந்தால், கொத்தனாரை வரச்சொல்லிவிட்டு செங்கல் வாங்காத கதைதான். இரும்பு மாத்திரையை கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, கையோடு ஒரு டீயும் குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது. அதனால்தான் பலருக்கு டாக்டர்கள் நரம்பு வழியாகவே இரும்பு ஏற்றுகிறார்கள்.

குழப்பம் வருவது ஃபெரிட்டின் 800 என்று இருக்கும்போது. "இரும்புதான் நிறைய இருக்கே சிஸ்டர்" என்பார்கள். உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். அப்போது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின், இருக்கிற இரும்பை வெளியே விடாமல் பூட்டிவிடும். ஃபெரிட்டின் அதிகம், டிசாட் குறைவு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அதிகம், ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் குறைவு: இந்த நாலும் ஒரே ரிப்போர்ட்டில் இருந்தால், ஊசி சரியாகக் கேட்காது என்று நான் முதல் டோஸுக்கு முன்னாலேயே நினைத்துக்கொள்வேன்.

அழற்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. குடியாத்தத்தில் ஒரு அம்மாவுக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. பிளாஸ்திரியைப் பிரித்தால் டயாலிசிஸ் குழாய் வயிற்றிலிருந்து வெளியே வரும் இடத்தைச் சுற்றி மஞ்சள் பொருக்கு, லேசாக அழுத்தினால் ஒரு சொட்டு சீழ். ஆன்டிபயாடிக் கொடுத்து அது ஆறிய பிறகு, ஊசி டோஸைத் தொடாமலே எச்.பி. ஏற ஆரம்பித்தது. சொத்தைப் பல், சர்க்கரைக்காரர்களின் கால் புண், மறைந்திருக்கும் டி.பி. எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

ஆல்புமின் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். வயிற்றிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் தினமும் 5 கிராமுக்கு மேல் புரதம் போகிறது. இங்கே என்னடாவென்றால், கிட்னிக்காரர்கள் முட்டை தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு ரசம் சாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்! எவ்வளவு புரதம் வேண்டும் என்று டயட்டீஷியனிடம் கேளுங்கள்.

பாராதைராய்டு ஹார்மோனான பி.டி.எச். அதிகமாக இருப்பது, பி12 குறைவு, டயாலிசிஸ் போதாமல் இருப்பது, மலத்தில் தெரியாமல் ரத்தம் போவது, இவையும் காரணமாகலாம். கால் வீங்கி எடை ஏறியிருந்தால், உடம்பில் தங்கிய தண்ணீரே எச்.பி.யைக் குறைத்துக் காட்டும். அப்புறம், ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்து வேலூர் வெயிலில் பஸ்ஸில் பையோடு கொண்டுவந்த மருந்தையும், ஃபிரீசரில் உறைந்துபோன மருந்தையும் நம்பாதீர்கள்.

"டோஸை ஏற்றிக் கொடுங்க" என்று மட்டும் டாக்டரை நெருக்காதீர்கள். எடைக்கு ஏற்ற டோஸ் கொடுத்தும் முதல் மாதத்தில் எச்.பி. அசையவே இல்லை என்றால், ஆரம்ப டோஸின் இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டாம் என்கிறது சர்வதேச சிறுநீரக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2012-ல் வந்த வழிகாட்டுதல். டோஸ் ஏறினால் பக்கவாதம் வருமோ என்ற பயம் சும்மா இல்லை. சிறுநீரக நோய் இருந்தும் டயாலிசிஸ் நிலைக்கு வராத சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2009-ல் வெளியான ட்ரீட் என்ற ஆய்வில், இந்த வகை ஊசி போட்டவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது.

அப்பாவுக்கு மாற்று சிறுநீரகம் வைக்கும் யோசனை இருந்தால், ரத்தம் ஏற்றச் சொல்லும்போது அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஏற்றும் ரத்தத்தால் உருவாகும் ஆன்டிபாடி, பின்னால் பொருத்தமான கிட்னி கிடைப்பதைக் கடினமாக்கிவிடும்.